கவர்னருக்கு வச்ச ரொட்டி

இருந்துச்சோ இல்லையோன்னு ஆரம்பிக்கிற கதை இல்ல இது. எங்க ஊர்ல இப்பவும் இருக்கு, வேணும்னா படகு ஏறி வந்து பாத்துக்கோங்க. நைல் ஆத்துக்கு இந்தக் கரையில நஸ்லத் ஷாஹீன்னு ஒரு ஊரு, ஊருக்கு முன்னால ஆறு, பின்னால மலை, ரெண்டுக்கும் நடுவுல ஒரு துண்டு பச்சை, கோதுமையும் வெங்காயமும் மாட்டுக்குத் தழையும் விளையுற பச்சை, அது தாண்டினா ஒரு புல்லு முளைக்காத மணலு, மணலுக்கு மேல சுண்ணாம்புப் பாறை, அந்தப் பாறையில பாதி உயரத்துல வாசல் வாசலா வரிசையா வெட்டி வச்ச கல்லறைங்க. ராஜாவோட கல்லறை இல்ல, ராஜாவெல்லாம் வேற பக்கம் படுத்திருக்காங்க. இதுங்க ராஜாவுக்குக் கீழ இந்த ஜில்லாவை ஆண்டவங்களோடது, நாலாயிரம் வருஷம் இருக்கும்கிறாங்க. நடுவுல இருக்கறது பெருசு. அதுல இருக்கறவரை நாங்க கவர்னர்னு சொல்லுவோம், டூரிஸ்ட்டுங்களைக் கூட்டிட்டு வர்றவங்க அப்படிச் சொல்லிச் சொல்லி எங்களுக்கும் அதுவே பழகிப்போச்சு. என் பேரு ரஸ்மிய்யா, படகுத்துறையில டீக்கடை வச்சிருக்கேன். எனக்கு வாய் நீளம்னு சொல்லுவாங்க, சொல்லிட்டுப் போகட்டும், வாய் நீளமா இருக்கறவதான் கதையைப் பாதியில விடமாட்டா.

அந்தக் கல்லறைக்குள்ள போனா பாறையிலேயே குடைஞ்ச தூணு, பாய் பின்னின மாதிரி வர்ணம் பூசின கூரை, சுவரு பூரா ஆளுங்க. கதிர் அறுக்கறவன், வலை போட்டு வாத்து பிடிக்கறவன், மல்லுக்கு நிக்கறவன், மாவு பிசையறவ, எல்லாரும் ஒரு முழ உயரம்தான். கவர்னர் மட்டும் கதவு உயரத்துக்கு நாற்காலியில உக்காந்திருப்பாரு, முன்னால ஒரு மேஜை, கை மேஜை பக்கம் நீண்டிருக்கும். அவரைப் பாத்து ஒரு வரிசை நடந்து போகும், ஒருத்தன் கையில வாத்து, ஒருத்தன் தோள்ல மாட்டுத்தொடை, ஒருத்தி தலையில ரொட்டிக் கூடை, எல்லாம் அவரு சாப்பாட்டுக்கு. அதுல ஒருத்தரும் நம்ம பக்கம் திரும்பமாட்டாங்க. எல்லாருக்கும் பக்கவாட்டு முகம், ஒரு மூக்கு, ஒரு கண்ணு, அதுவும் கவர்னரைப் பாத்த கண்ணு. சுவத்துல ஈரம் ஏறி அந்த வரிசையில பாதிப் பேரு உதிர்ந்து போயிருந்தாங்க, மேஜை மேல இருந்த ரொட்டியும் உதிர்ந்து வெறும் பாறை தெரியும். கவர்னர் பட்டினி கிடக்கறாருடின்னு சின்னப் பிள்ளையில நாங்க சொல்லிச் சிரிப்போம்.

எங்க ஊரு வழக்கம் ஒண்ணு சொல்லணும், அது தெரியலன்னா கதை நிக்காது. பெருநாள் தொழுகை முடிஞ்சதும் வீட்டுக்கு வீடு சுட்ட ரொட்டியை, மாவை வெயில்லயே வச்சு உப்ப விட்டுச் சுடற ரொட்டி அது, கூடையில அடுக்கி மையவாடிக்குக் கொண்டு போவோம். செத்தவங்க தலைமாட்டுல உக்காந்து பாத்திஹா ஓதி, அவங்க பேரைச் சொல்லி ஏழைபாழைங்களுக்குக் கொடுத்துட்டு வருவோம். ஒரே ஒரு கண்டிஷன்தான். செத்தவங்களுக்குன்னு வாசல் தாண்டின ரொட்டி திரும்ப வாசல் ஏறக் கூடாது. ஏறினா அதைத் தேடிக்கிட்டு அவங்களும் ஏறுவாங்க. இதை எங்க ஊர்ல பால்குடி மறக்காத பிள்ளைகூடச் சொல்லும்.

அந்த வருஷப் பெருநாளன்னிக்கு மையவாடிக்குப் பாதி வழி போயிருக்கோம், மணல்காத்து கிளம்பிடுச்சு. எப்பேர்ப்பட்ட காத்துங்கறீங்க! முன்னால போறவ முந்தானை என் கையில இருக்கு, அவளைக் காணோம். கல்லறைக் காவல்காரன் மஹ்ரூஸ் மேல இருந்து, ஏறி வாங்க, ஏறி வாங்கன்னு கத்தினான், ஊரே கூடையைத் தூக்கிக்கிட்டு கவர்னர் கல்லறைக்குள்ள புகுந்துட்டோம். காத்து பொழுது சாயற வரைக்கும் விடல. மையவாடிக்கும் போக முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோகக் கூடாது. கடைசியில உம்தா, அதாவது எங்க ஊர்த் தலைவரு, தொண்டையைச் செருமிக்கிட்டு, "இவரும் செத்தவர்தானே? இத்தனை காலத்துல ஒரு பய இவருக்கு ஒரு ரொட்டி வச்சிருப்பானா?"ன்னாரு. இமாம் முகத்தைச் சுளிச்சாரு, ஆனா அவரு கையிலயும் ஒரு கூடை இருந்துச்சே. எங்களுக்கும் பாவமாத்தான் இருந்துச்சு. உள்ள கோடியில கவர்னரோட கல்சிலை ஒண்ணு இருக்கற மாடத்துல ரொட்டியை அடுக்கி வச்சு, பேரு தெரியாததால இந்த இடத்துக்காரருக்குன்னு சொல்லி ஓதிட்டு இறங்கி வந்தோம். இரக்கப்பட்டோம், அவ்வளவுதான் நாங்க பண்ணின தப்பு.

பெருநாள் கழிஞ்சு கொஞ்ச நாள்ல மஹ்ரூஸ் டீக்கடைக்கு வந்து நின்னான். "ரஸ்மிய்யா, கசாப்புக்கடை அவத் மேல இருக்கான்"னான்.

"மேல என்ன பண்றான்?"

"சுவத்துல இருக்கான்."

நான் டீயை வடிகட்டிக்கிட்டே, "சுவத்துல என்ன பண்றான்?"னு கேட்டேன்.

"மாட்டுத்தொடையைத் தூக்கிட்டுப் போறான்."

ஊரே ஏறிப் போய்ப் பாத்தோம். அவத்தேதான். வரிசையில ஆளு உதிர்ந்த இடத்துல, பழைய ஆளுங்க மாதிரியே வர்ணம் காய்ஞ்சு, மூக்கு மேல அவனோட மச்சம், அவனோட தொப்பை, இடுப்புல ஒரு வெள்ளைத் துண்டு, வேற ஒண்ணும் இல்ல. அவத் பொண்டாட்டி முக்காட்டை இழுத்து விட்டுக்கிட்டு, "இந்த மனுஷன் வீட்டுக்குள்ளகூட இப்படி நிக்கமாட்டாரு, ஊரு பூரா பாக்குதே"ன்னு தலையில அடிச்சுக்கிட்டா. அவத் நெஞ்சை நிமித்திக்கிட்டு நின்னான். பட்டணத்துல இருந்து ஆபீசருங்க வந்தாங்க, பஞ்சுல தண்ணி தொட்டுத் தேய்ச்சாங்க, பழைய வர்ணம்தான்னாங்க, அவத்தைச் சுவத்துப் பக்கத்துல நிக்க வச்சு மாறி மாறிப் பாத்தாங்க, என் கடையில டீ குடிச்சுட்டுப் படகு ஏறிட்டாங்க. அவங்களுக்கு வேற வேலை இல்லையா என்ன?

அப்புறம் ஒவ்வொருத்தரா வந்தாங்க. முதல்ல காலி இடத்துல செங்காவியில ஒரு கோடு தெரியும், தலை தோளு காலுன்னு ஒரு ஆளோட கோடு, யாருன்னு தெரியாது. அது காய்ஞ்சு வர்ணம் ஏறின பிறகுதான் இன்னார்னு தெரியும். தையல்காரன் வந்தான், வெங்காயக்காரி வந்தா, கோழி விக்கிறவளும் அவ மாமியாரும் ஒருத்தர் பின்னால ஒருத்தர் வந்தாங்க, சுவத்துலயாவது முன்னால போக விடமாட்டேங்குறா பாருன்னு மருமக புலம்பினா. கோதுமை அந்த வருஷம் இடுப்பு உயரம் நின்னுச்சு, வலை போட்டா மீனு கிழிச்சுக்கிட்டு வந்துச்சு, பெண் கொடுக்க வர்றவங்க பையன் சுவத்துல இருக்கானான்னு விசாரிக்க ஆரம்பிச்சாங்க. உம்தாவுக்குத் தன்னை இன்னும் வரையலியேன்னு உள்ளுக்குள்ள ஒரு குறை. அடுத்த பெருநாளைக்கு ஊரு பாதிக் கூடையை மையவாடிக்கும் மீதிக் கூடையை கவர்னருக்கும் கொண்டு போச்சு.

அவத்துக்குக் கழுத்து பிடிச்சிருக்குன்னுதான் முதல்ல நினைச்சோம். கறி வெட்டறான், பேசறான், சிரிக்கறான், எல்லாம் பக்கவாட்டுலயே. அவன் பொண்டாட்டி எண்ணெய் காய்ச்சித் தேய்ச்சா. தேய்க்கத் தேய்க்கத்தான் அவளுக்கே புரிஞ்சுது, இந்தப் பக்கம் வந்து பாத்தாலும் ஒரு கண்ணு, அந்தப் பக்கம் போய்ப் பாத்தாலும் ஒரு கண்ணு, சுத்திச் சுத்தி வந்தாலும் அந்த மனுஷனுக்கு முன்பக்கம்னு ஒண்ணு இல்ல. தையல்காரனுக்கும் அப்படியே, வெங்காயக்காரிக்கும் அப்படியே. சுவத்துல வந்தவங்க ஒருத்தர் முகத்தையும் அதுக்கப்புறம் யாரும் நேருக்கு நேரா பாக்கல. எங்க ஊர்க்காரங்களைக் கேக்கணுமா, எதையும் பழகிக்குவாங்க. காபிக்கடையில நாற்காலியெல்லாம் ஒரே பக்கம் பாத்து வரிசையாப் போட்டாங்க. நாவிதன் பாதி முகம்தானே சவரம் பண்றேன்னு கிண்டல் பண்ணினான். கல்யாணத்துல போட்டோ எடுக்கறவன், சுவத்துல வந்தவங்க எல்லாம் இந்தப் பக்கம் நில்லுங்கன்னான். அவத் பொண்டாட்டி மட்டும் கறிக்கத்தியை எடுத்துக்கிட்டு மேல ஏறி, புருஷனைச் சுவத்துல இருந்து சுரண்டப் போனா. கத்தி முனை சுவத்துல அவன் கால் விரல்ல பட்டதும் கீழ கடையில அவத் அலறின அலறல் படகுத்துறை வரைக்கும் கேட்டுச்சு. அதோட யாரும் சுவத்துல கை வைக்கல.

"ஊரு செழிப்பா இருக்கு. நாலு பேரு பக்கவாட்டுல பாத்தா என்ன குடி முழுகிப்போச்சு?"ன்னு உம்தா கேட்டாரு. குடி முழுகறது யாரு குடிங்கறதுல இருக்கு.

என் தம்பி ஷஹாத்தா படகு ஓட்டறவன். துடுப்பு போடறவன் போற பக்கம் பாக்கமாட்டான் தெரியும்ல, ஏறினவங்களைப் பாத்துத்தான் உக்காருவான். அக்கரையில இருந்து இன்ஸாஃப்னு ஒரு பொண்ணு பாலாடைக்கட்டி விக்க வரும், பானையை மடியில வச்சுக்கிட்டு அவனுக்கு எதிர்ல உக்காரும், அவன் இவளைப் பாக்க, இவ அவனைப் பாக்க, ஆத்துல எத்தனை தண்ணி போச்சோ, கடைசியில எனக்கு அவ தம்பி பொண்டாட்டி ஆயிட்டா. வாயாடி, ஆனா மனசு சுத்தம். "உங்க தம்பி ஒரு வார்த்தை பேசல லாத்தா, கண்ணாலயே பேசி ஏமாத்திட்டாரு"ன்னு என்கிட்டச் சொல்லிச் சிரிப்பா, என்னை அக்காங்கற பாசத்துல லாத்தான்னுதான் கூப்பிடுவா. அவ வயித்துல பிள்ளை. எங்க வீட்டுல ரொம்ப நாளா தொட்டில் ஆடல, நான் துணியெல்லாம் துவைச்சு வச்சுக் காத்துக்கிட்டிருந்தேன்.

மஹ்ரூஸ் அன்னிக்கு டீ கேக்கல. தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னான். "ரஸ்மிய்யா, புதுசா ஒரு செங்காவிக் கோடு இருந்துச்சுல்ல, அது உன் தம்பி"ன்னான். படகைத் திரும்பிப் பாக்கறேன், ஷஹாத்தா துடுப்பு போட்டுக்கிட்டு வர்றான், ஒரு மூக்கு, ஒரு கண்ணு. படகு துறைக்கு வரல, எங்கேயோ கீழ நாணல்ல போய் முட்டி நின்னுச்சு.

இன்ஸாஃப் அழல. அவனை முற்றத்துல உக்கார வச்சு ஒரு சுத்து வந்தா, நின்னா, மறுபடியும் ஒரு சுத்து வந்தா, வயித்தைப் பிடிச்சுக்கிட்டு எதிர்ப்பக்கமா ஒரு சுத்து வந்தா. "என்னைப் பாருங்க"ன்னா.

"உன்னைத்தாண்டி பாத்துக்கிட்டிருக்கேன்"னான் அவன். பாவி, அவன் பாத்தது மலையை. அது அவனுக்கே தெரியல.

"எனக்கு உங்க ரெண்டு கண்ணும் வேணும்"னா அவ. அதுக்கப்புறம்தான் அழுதா. நானும் அழுதேன். கவர்னரை வாய்க்கு வந்தபடி திட்டினேன், உன் மேஜை விளங்காமப் போக, செத்தும் அதிகாரம் பண்றியேடான்னு. திட்டி என்ன பண்ண, நாலாயிரம் வருஷமா எத்தனை பேரு திட்டியிருப்பாளுங்களோ.

ஊர்ப் பெண்டுங்க அதைவிடப் பெரிய கல்லைத் தூக்கிப் போட்டாளுங்க. அப்பன் சுவத்துல இருக்கையில பிறக்கற பிள்ளை எப்படிப் பிறக்கும், அதுவும் ஒரு கண்ணோடதான் வரும்னு கிணத்தடியில பேச்சு. இன்ஸாஃப் அதைக் கேட்டுட்டு வந்து வாசல்படியில உக்காந்துட்டா. மறுநாள்ல இருந்து வயித்தைத் தூக்கிக்கிட்டு மலை ஏற ஆரம்பிச்சா. சுவத்துக்கு முன்னால நின்னு அவனையே பாத்துக்கிட்டிருப்பா, அங்க அவன் கையில ரெண்டு வாத்தை இறக்கையோட பிடிச்சுக்கிட்டு நடக்கறான், அவனுக்கு முன்னால நடக்கறவன் பழைய ஆளு. அவளுக்குத் துணையா நானும் ஏறுவேன், மூச்சு வாங்கும்.

"அவரு கூடப் போயிடலாம்னு தோணுச்சு லாத்தா"ன்னா ஒருநாள். "ஆனா பாருங்க, எல்லாரும் ஒரே பக்கம்தான் நடக்கறாங்க. நான் இங்க வந்தா அவரு பின்னாலதான் நிப்பேன். நாள் பூரா முதுகைத்தான் பாக்கணும்."

"பைத்தியம் மாதிரிப் பேசாதே, கீழ வா"ன்னேன்.

"எதிர்ல இருந்து வரணும்னா," அவ எனக்குச் சொல்லல, தனக்கே சொல்லிக்கிட்டா, "கவர்னர் கிட்ட இருந்து திரும்பி வரணும். அவர்கிட்ட இருந்து யாரு திரும்பி வர்றா? எதைக் கொண்டு வர்றா?"

பெருநாள் வந்துச்சு. ஊரே கூடையோட மேல ஏறுச்சு, மையவாடிக்கு அந்த வருஷம் கூடை போனதே கம்மி, எங்க அம்மாவைப் புதைச்ச கபுருக்கு நான் மட்டும்தான் போனேன்னு நினைக்கறேன். மாடத்துல ரொட்டி மலையாக் குவிஞ்சுது. இந்த இடத்துக்காரருக்குன்னு உம்தா ஓதி முடிச்சாரு, எல்லாரும் ஆமீன் சொன்னோம். அப்ப இன்ஸாஃப் கூட்டத்தை விலக்கிக்கிட்டு முன்னால போனா, மாடத்துல இருந்து ஒரு கூடை ரொட்டியை எடுத்துத் தலையில வச்சா, முதுகைக் கவர்னருக்குக் காட்டிக்கிட்டு வாசலைப் பாத்து நடந்தா.

எல்லாரும் ஒண்ணாக் கத்தினாங்க. வைடி கீழ, செத்தவன் ரொட்டிடி, ஊரை அழிக்கப் போறியா, வயித்துல பிள்ளையை வச்சுக்கிட்டு என்ன காரியம் பண்றே! உம்தா கைத்தடியைத் தூக்கிட்டாரு, அடிக்க மனசு வரல. நான் வாசல்ல நின்னுக்கிட்டிருந்தேன். ரெண்டு கையையும் விரிச்சு மறிச்சேன். சத்தியமா பயத்துலதான் மறிச்சேன், அவ மேல இருந்த பாசத்துல. அவ கிட்ட வந்து நின்னா, கூடை ஆடல. என்னை ரெண்டு கண்ணாலயும் பாத்தா.

"லாத்தா, வழி விடுங்க. பசிக்குது"ன்னா.

வழி விட்டேன். பிள்ளைத்தாச்சி பசிக்குதுன்னா என்ன பண்றது சொல்லுங்க. அவ பின்னாலயே நானும் இறங்கினேன், ஊரு மேல நின்னு சபிச்சுக்கிட்டிருந்துச்சு. அவ வீட்டு வாசல்ல ஒரு நொடி நின்னா, வலது காலை எடுத்து வச்சா, செத்தவங்களுக்குன்னு போன ரொட்டியோட வீடு ஏறினா. முற்றத்துல உக்காந்து பிச்சு ஷஹாத்தாவுக்குக் கொடுத்தா, எனக்குக் கொடுத்தா, தானும் சாப்பிட்டா. நான் சாப்பிட்டேன். சாதாரண ரொட்டிதான், உப்பு கொஞ்சம் கம்மி.

மறுநாள் விடிஞ்சதும் மஹ்ரூஸ் ஓடி வந்தான், என் கையைப் பிடிச்சு இழுத்தான். போய்ப் பாத்தேன். இந்தத் தடவை கோடு போட்டுக் காய வைக்கல, நேரா வர்ணமே ஏறியிருந்துச்சு. சுவத்துல எல்லாரும் ஒரு பக்கம் பாத்து நடக்க, இன்ஸாஃப் ஒருத்தி மட்டும் மறுபக்கம் பாத்து நிக்கறா, கவர்னருக்கு முதுகைக் காட்டிக்கிட்டு, தலையில ரொட்டிக் கூடை, வயிறு முன்னால, என் தம்பிக்கு நேர் எதிர்ல, அவனுக்கு முன்னால நடந்த பழைய ஆளு உதிர்ந்து போன இடத்துல. ஷஹாத்தா தூக்கின காலை அப்படியே நிறுத்திட்டான். அவன் பின்னால தையல்காரன் நின்னுட்டான், தையல்காரன் பின்னால கோழிக்காரி, அவ பின்னால அவத், கடைசி வரைக்கும் வரிசை நின்னுபோச்சு. வழி இல்ல. கவர்னர் கை மேஜை பக்கம் நீண்டபடிக்கு இருந்துச்சு, மேஜை மேல வெறும் பாறை.

அதுக்கப்புறம் அந்தச் சுவத்துல ஒருத்தரும் வரல. வந்தவங்க மாறவும் இல்ல, அவத் இன்னும் பக்கவாட்டுலதான் கறி வெட்டறான். கோதுமை பழைய உயரத்துக்கு வந்துடுச்சு, மீனும் பழையபடி கண்ணாமூச்சி காட்டுது, எல்லாம் அவளாலதான்னு பாதி ஊரு எங்க வீட்டோட பேசறதில்ல. பேசாட்டிப் போங்க, என் டீயைக் குடிக்காம இருக்க முடியுதா உங்களால?

இன்ஸாஃபும் பக்கவாட்டு ஆயிட்டா. அது எனக்கு ஆறல. ரொட்டிக் கூடையைச் சுமந்துக்கிட்டு வாசல்ல என்னைப் பாத்தாளே, அதுதான் கடைசி. ஆனா சாயங்காலம் ரெண்டு பேரும் முற்றத்துல எதிரெதிரா உக்காருவாங்க, எனக்கு இந்தப் பக்கம் ஒரு கண்ணு தெரியும், அந்தப் பக்கம் ஒரு கண்ணு தெரியும், நடுவுல ஒண்ணும் பேசிக்கமாட்டாங்க. "கஷ்டமா இருக்காடி?"ன்னு ஒருநாள் கேட்டேன். "இங்கருந்து பாத்தா அவருக்கு ரெண்டு கண்ணு இருக்கு லாத்தா"ன்னா. அவ சிரிச்சாளான்னு எனக்குப் பாதிதான் தெரிஞ்சுது.

பிள்ளை பிறந்துச்சு, பொம்பளைப் பிள்ளை. மருத்துவச்சி துணியில சுத்தி என் கையில கொடுத்தப்ப நான் கண்ணை இறுக்கி மூடிக்கிட்டேன். அப்புறம் அல்லாவேன்னு திறந்தேன். பிள்ளை என்னைப் பாத்துக்கிட்டிருந்துச்சு, நேருக்கு நேரா, ரெண்டு கண்ணாலயும், இவ யாரு புதுசாங்கற மாதிரி. ஊரு பூரா கேக்கற மாதிரி குலவை போட்டேன்.

ஆனா ஒண்ணு இருக்கு. சுவத்துல அவங்க ரெண்டு பேருக்கும் நடுவுல கொஞ்சம் இடம் காலி, வெறும் சுண்ணாம்பு. ஒரு பிள்ளை நிக்கலாம், அவ்வளவு இடம். கவர்னரோ கையை இன்னும் மடக்கல. பிள்ளைக்கு இப்பத்தான் நடை வந்திருக்கு, தத்தித் தத்தி அம்மாகிட்ட இருந்து அப்பாகிட்டப் போகுது, அப்பாகிட்ட இருந்து அம்மாகிட்ட வருது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் தொழுகைக்கு முன்னால நான் ஒருத்தியா மலை ஏறறேன், முட்டி தேயுது, பரவால்ல. மஹ்ரூஸ் கதவைத் திறந்து விட்டுட்டு வெளியில நின்னுக்குவான். செங்காவிக் கோடு ஏதும் விழுந்திருக்கான்னு அந்தச் சுண்ணாம்பை விரல் வச்சுத் தடவிப் பாக்கறேன்.

இந்த வெள்ளிக்கிழமை கோடு இல்ல. இறங்கி வந்து பிள்ளையைத் தூக்கி மடியில போட்டுக்கிட்டு, "எங்கே, அத்தையைப் பாரு"ன்னேன். பாத்துச்சு, ரெண்டு கண்ணாலயும்.